நான் அழித்த நான்கு வரிகள்

தினேஷ்,

நேற்று மதியம் நீ ஹாஸ்டலிலிருந்து அனுப்பிய கணக்கின் படம் வந்து சேர்ந்தது. “அக்கா, பலாப்பழத்துக்கிட்டக் கேட்டு அனுப்பு. நாளன்னிக்கு அசைன்மென்ட் வெக்கோணும்” என்று கீழே எழுதியிருந்தாய். கடையில் கூட்டம் குறைந்ததும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். விடை வந்துவிட்டது. அந்தத் தாள் இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் அதை உனக்கு அனுப்பப் போவதில்லை. ஏன் என்று போனில் சொல்ல எனக்கு வராது. நீ ஒரு தடவை “ஏன்க்கா?” என்று இழுத்தால் போதும், சரி இந்தா என்று அனுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கடை ஸ்கேனரில் வைத்து அனுப்புவேன். நான்கைந்து பக்கம் வரும் போலிருக்கிறது. கோபப்படாமல் கடைசி வரை படி. படித்து முடித்த பிறகு கோபப்படு. அதற்குக் காரணம் இருக்கிறது.

இப்படிப்பட்ட கடிதத்தை அப்பாவோ அம்மாவோதான் எழுதுவார்கள். பிள்ளை வெளியூர் போனதும், பத்திரமாக இரு, நான் செய்த தவறை நீ செய்யாதே என்று. நம் அப்பாவுக்கு எழுத்து வராது. தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்துகிற ட்ரையர் சத்தத்துக்குள் இத்தனை வருடம் நின்றவருக்கு, உன்னிடம் சொல்ல வேண்டியது எல்லாம் “சாப்ட்டியா சாமி?” என்ற ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. அம்மா இருந்திருந்தால் எழுதியிருப்பாள். அவள் இடத்தில் நான் இருக்கிறேன். உன்னைவிடப் பதினாறு மாதம் மட்டுமே மூத்த அம்மா. உன் பள்ளிக்கூட டைரியில் பெற்றோர் கையொப்பம் என்ற கோட்டின் மேல் அப்பா பெயரை நான்தான் எழுதினேன். பெற்றோர் கூட்டத்துக்கும் நான்தான் வந்தேன். கொஞ்சம் பெரியவளாகத் தெரியட்டும் என்று அம்மாவின் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தேன். நீ வாசலிலேயே பார்த்துவிட்டு, “வந்துட்டாங்கடா எங்கம்மா, ரெட்டைச் சடை போட்டுட்டு” என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆனால் உடனே சொல்லத் தைரியம் வரவில்லை. முதலிலிருந்து வருகிறேன்.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது உனக்கு ஷூ லேஸ் கட்ட வராது. ஒரு நாள் காலையில் பஸ் மேல் வளைவில் ஹாரன் அடித்துவிட்டது. நீ நம் எஸ்டேட் லைன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து லேஸைப் பிடித்துக்கொண்டு, “கட்டி உடும்மா” என்று அழுகிறாய். அம்மா உன் முன்னால் நிற்கிறாள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அவளுடைய விரல்கள் பின்னால் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன, அது எனக்குத் தெரிந்தது. “நீயே கட்டு சாமி. பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு” என்றாள். அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் என்று அவளுக்கும் தெரியும். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஓடிவந்து மண்டிபோட்டு இரண்டு காலுக்கும் கட்டிவிட்டேன். நாம் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். சாயங்காலம் அம்மா என்னிடம், “அவனுக்கு அழுவாச்சி வந்தா உனக்கு என்னடி? உனக்குத்தான் பொறுக்க மாட்டேங்குது” என்றாள். திட்டுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். நீ லேஸ் கட்டக் கற்றுக்கொண்டது நான்காம் வகுப்பில்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதையை நீ வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஊரிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், தம்பிக்காகப் படிப்பை விட்ட பெண் என்று. அது முழு உண்மை இல்லை. பிளஸ் ஒன்னில் கணக்கும் அறிவியலும் எடுத்துச் சேர்ந்து மூன்றாம் மாதம் அம்மா படுத்தாள். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். அரையாண்டுப் பரீட்சை வருவதற்குள் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்தபின் அப்பா என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. நான்தான் ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்பார்களே, நான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டுமே என்கிற கூச்சம். சமைக்க ஆள் வேண்டும், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கூச்சத்துக்குக் கிடைத்த நல்ல போர்வை. அடுத்த வருடம் என் புத்தகங்கள் உனக்கு வந்தன. என் பெயர் எழுதிய லேபிளின் மேல் உன் பெயர் லேபிளை ஒட்டினாய். உள்ளே மூன்றாம் மாதப் பாடம் வரைக்கும் என் பென்சில் கோடுகள் இருக்கும். அதற்கு மேல் எல்லாப் பக்கமும் வெள்ளை. நீ பார்க்காதபோது அந்த வெள்ளைப் பக்கங்களைத் திருப்பிப் பார்ப்பேன்.

அப்போதுதான் நசீர் பாய் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜெராக்ஸ், லேமினேஷன், சான்றிதழுக்கு ஆன்லைனில் பதிவு. மெஷினோடு வேலை, மனிதர்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. நம் லைன் வீட்டுப் பக்கம் போனுக்கு சிக்னல் கிடையாது. இலை நிறுக்கிற கொட்டகை வரைக்கும் ஏறினால் ஒரு கோடு வரும், போகும். கடையில் நன்றாக வரும். ஒரு நாள் ஒரு டீச்சர் நகல் எடுக்கக் கொடுத்த நோட்டீஸில், பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கிலும் இயற்பியலிலும் சந்தேகம் தீர்த்து வைக்கிற போன் குழு ஒன்றின் விவரம் இருந்தது. அந்த வாரம்தான் நீ வகைக்கெழுப் பாடம் ஆரம்பித்து, “எனக்கு மண்டையில ஏறலக்கா” என்று நோட்டை மூடி வைத்திருந்தாய். நான் உன் பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்தேன். உன் வீட்டுப்பாடக் கணக்கு ஒன்றைப் படம் எடுத்து, “விடை அனுப்பவும்” என்று போட்டேன். ஒரு பலாப்பழத்தின் படத்தை முகமாக வைத்திருந்தவரிடமிருந்து பதில் வந்தது. “வணக்கம் தம்பி. இதுல நீங்க எதுவரைக்கும் போட்டுப் பாத்தீங்க? எங்க நின்னுச்சு?”

இந்த இடத்தை நன்றாகப் படி. அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கொண்டுவந்திருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “தினேஷு, நீ எதுவரைக்கும் போட்டே?” என்று கேட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. எனக்கு அது தோன்றவேயில்லை. கேட்டவருக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில், மறுநாள் உன் புத்தகத்தைக் கடைக்கு எடுத்துப்போய் நானே போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு பொருள் நேர்கோட்டில் போகிறது. நேரம் t ஆகும்போது அது இருக்கும் இடம் t³ − 6t² + 9t. நான்கு நொடியில் அது கடந்த தூரம் என்ன? நான்கைப் போட்டேன், நான்கு வந்தது. பூஜ்யத்தைப் போட்டேன், பூஜ்யம் வந்தது. கழித்து, தூரம் நான்கு மீட்டர் என்று எழுதி அனுப்பினேன். பலாப்பழம் தப்பு என்று சொல்லவில்லை. “வண்டி நடுவுல எங்கயாச்சும் நின்னு திரும்புச்சான்னு பாருங்க” என்று மட்டும் சொன்னது. வேகம் எப்போது பூஜ்யமாகிறது என்று பார்க்க வகைக்கெழு எடுத்தேன். ஒன்றாவது நொடியில் நிற்கிறது. திரும்பி வருகிறது. மூன்றாவது நொடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. மறுபடி போகிறது. அப்படியானால் தூரம் நான்கு இல்லை, பன்னிரண்டு. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் தனியாகச் சிரித்தேன். மூன்றாம் மாதத்தோடு நின்றுபோன ஏதோ ஒன்று எனக்குள் மறுபடி நகர்ந்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், பாதி. காலையில் கணக்குகளைச் சீட்டில் எழுதிக் கொடுப்பாய். சாயங்காலம் நான் விடையோடு வருவேன், வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் வரிவரியாக எழுதி. முன்பக்கத்தில் யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டு கறுப்பாகத் தீய்ந்திருக்கும். நீ அதைப் பார்த்து வீட்டுப்பாட நோட்டில் எழுதிக்கொள்வாய். பலாப்பழம் போட்டுத் தருகிறது, அக்கா வாங்கி வருகிறாள் என்றுதான் நினைத்தாய். “இன்னிக்கு பலாப்பழ சார் என்ன சொன்னாரு?” என்று கேட்பாய். நானும் ஆமாம் என்பது போல இருந்துவிட்டேன். தெரியாத பாதி இதுதான்: பலாப்பழம் ஒரு கணக்கைக்கூடப் போட்டுத் தரவில்லை. எல்லாமே நான் போட்டது. தப்பாகப் போடுவேன், அது ஒரு கேள்வி கேட்கும், திருத்துவேன். கடையில் இதனால் பட்ட கூத்தையும் உன்னிடம் சொன்னதில்லை. ஒரு பெரியவருக்கு நகல் எடுக்கும்போது புதுத் தாளில் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்று தவறி மெஷினுக்குள் போய்விட்டது. அவர் போய்விட்டுத் திரும்பி வந்தார். “ஏனுங்க பாயி, என்ர பட்டாவுக்குப் பின்னாடி யாரோ மந்திரம் எழுதி வெச்சிருக்காங்களே, செய்வினை ஏதாச்சுமுங்களா?” என்றார். நசீர் பாய் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “செய்வினை இல்லீங்க, பிளஸ் ஒன்னு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏம்மா, தம்பி படிக்கிறானா நீ படிக்கிறியா?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு புதுத் தாள் அடுக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஃபேக்டரிக்குப் போயிருந்தார். வெளியே மழை, நீ ஜன்னல் பக்கம் பலகையில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வந்து பார்த்தால், x² cos x-இன் வகைக்கெழுவைக் கண்டுபிடிக்கச் சொன்ன கணக்கை நீயாகவே போட்டுக்கொண்டிருந்தாய். நான்கு வரி எழுதியிருந்தாய். மூன்று வரி சுத்தமாகச் சரி. நான்காவதில் ஒரே ஒரு கழித்தல் குறி கூட்டலாகிவிட்டிருந்தது. “குடுடா, அது அப்படி இல்ல” என்று ரப்பரை எடுத்தேன். “இரு அக்கா, நான் பாக்கறேன்” என்றாய். “நாளைக்கு நோட்டு வெக்கோணும்ல?” என்று சொல்லிக்கொண்டே நான்கு வரியையும் அழித்துவிட்டேன். நான்காவதை மட்டும் இல்லை, நான்கையும். என் எழுத்தில் முதலிலிருந்து எழுதிக் காட்டினேன். பிறகு, “நீயே போட்டு வெச்சிரு, நான் அப்புறம் எழுதிக்கறேன்” என்று சொல்லிவிட்டு மழையில் குடை இல்லாமல் வெளியே போனாய். அதற்கப்புறம் நீயாக ஒரு கணக்கை ஆரம்பித்து நான் பார்க்கவில்லை. என் தப்பை யாரும் அழிக்காததால்தான் நான் கற்றுக்கொண்டேன். உன் தப்பை நான் அழித்தேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது.

உனக்கு மண்டை இல்லை என்று நீயே சொல்லிக்கொள்வாய். அது பொய். உனக்குப் பத்து வயது இருக்கும்போது, பெருமழைக்குப் பிறகு இலை ஏற்றிய பிக்கப் வண்டி லைனுக்குக் கீழே ஏற்றத்தில் ஏற முடியாமல் சேற்றில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் ஐந்தாறு பேர் தள்ளிப் பார்த்தார்கள். நீ கொய்யாக்காய் கடித்துக்கொண்டே, “மூட்டையெல்லாம் முன்னாடி கெடக்குதுங்க, பின்சக்கரத்து மேல தள்ளிப் போடுங்க” என்றாய். டிரைவர், “போடா, வந்துட்டாரு மேஸ்திரி” என்றார். கடைசியில் அதைத்தான் செய்தார்கள். வண்டி ஏறிவிட்டது. உராய்வு என்ற பாடம் வந்தபோது அந்தச் சக்கரத்தை நினைத்துக்கொண்டுதான் நான் புரிந்துகொண்டேன். எடை எங்கே அழுத்துகிறதோ அங்கேதான் பிடிப்பு. நீ அதைப் பாடம் வருவதற்கு ஆறு வருடம் முன்னால் கண்ணால் பார்த்துச் சொன்னவன். அந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தையும் நான்தான் போட்டேன்.

இப்போது வெட்கமான பகுதி. பிளஸ் டூ ஆரம்பித்த சமயம், பலாப்பழம் ஒரு நாள் தனியாகச் செய்தி அனுப்பியது. “தம்பி, உங்களுக்கு நல்லா வருது. ஒரு தடவ சொன்னாப் போதும், பிடிச்சுக்கறீங்க. விட்டுடாதீங்க.” அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்துப் படித்தேன். அன்று எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நன்றி சார் என்று அனுப்பினேன். “சார் எல்லாம் இல்ல. நான் பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம் படிக்கிற பொண்ணு. அக்கான்னு கூப்பிடுங்க” என்று வந்தது. நாமிருவரும் தொப்பையும் வழுக்கையுமாகக் கற்பனை செய்து வைத்திருந்த பலாப்பழ சார், என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்த ஒரு பெண்! நானும் தம்பி இல்லை, பொண்ணுதான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் கணக்கு யாருடையது என்ற கேள்வி வரும். சொல்லவில்லை. உனக்கு உதவி செய்கிறேன் என்பதெல்லாம் அந்த நாளோடு போய்விட்டது, தினேஷ். அதற்குப் பிறகு நான் எனக்காகத்தான் போட்டேன். காலையில் நீ சீட்டை நீட்டும்போது எனக்குப் பசி மாதிரி இருக்கும். “இன்னிக்கு வீட்டுப்பாடம் இல்லக்கா” என்று நீ சொன்ன நாள்களில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

காலாண்டுப் பரீட்சையில் இயற்பியலில் நீ இருபதைத் தாண்டவில்லை. “பரிச்சை ஹாலுக்கு உன்னையக் கூட்டிட்டுப் போக முடியாதேக்கா” என்று சிரித்தாய். அதற்கடுத்த வாரம்தான் அந்தப் பெற்றோர் கூட்டம். உன் இயற்பியல் சார் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். “நீங்க அக்காவாம்மா? பாருங்க, வீட்டுப்பாட நோட்டுல ஒரு கணக்கு தப்புக் கிடையாது. டெஸ்ட் வெச்சா வெறும் பேப்பர் தர்றான். ஊட்ல யாராச்சும் போட்டுக் குடுக்கறாங்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “இல்லீங்க சார். அவனேதானுங்க போடறான்” என்றேன். “அப்படின்னா பரிச்சை பயந்தான். கணக்கு வராத பசங்களுக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் தனியா எடுக்கலாம்னு இருக்கேன். ஏழு பேருதான் முடியும். இவனையும் எழுதி வெச்சிருந்தேன். இவனுக்குத்தான் தெரியுதே, அந்த எடத்துல வேற பையனச் சேத்துக்கறேன்” என்றார். அவருக்கு முன்னாலிருந்த தாளில் உன் பெயர் நான்காவதாக இருந்தது. பேனாவால் அதை அடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். “சரிங்க சார்” என்று சொன்னேன்.

கூச்சத்தால் வாய் வரவில்லை என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் கூச்சத்தைக் காரணம் சொல்வது எனக்குப் பழக்கம். ஆனால் அங்கே நான் சும்மா இருக்கவில்லை, பேசினேன். வாயைத் திறந்து ஒரு பொய்யைத் தெளிவாகச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் நீ அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்வாய். பிறகு உனக்கு என் தாள்கள் தேவைப்படாது. அந்தப் பெண் என்னைப் பாராட்டுவது நின்றுவிடும். இவ்வளவையும் அந்தப் பெஞ்சில் ஒரு நொடிக்குள் நினைத்தேன் என்று சத்தியம் செய்ய முடியாது. நினைக்கவில்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. கேட்டுக்கு வெளியே நீ காத்திருந்தாய். “என்னக்கா சொன்னாரு?” என்றாய். “நல்லாப் படிக்கறயாம், பயப்படாம எழுதச் சொன்னாரு” என்றேன். அன்று சாலையில் காட்டுமாடு படுத்துக்கொண்டு பஸ் ரொம்ப நேரம் நின்றது. உனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் உண்டு. அன்று அந்த மாட்டைப் பற்றிக்கூட நீ எதுவும் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கீழ் கோத்தகிரியில் பாதிப் பிள்ளைகளுக்கு நம் கடையில்தான் மார்க் பார்த்துச் சொன்னோம். வரிசையில் எல்லாரோடும் நீயும் நின்றாய், வீட்டு ஆள் என்று முன்னால் வரவில்லை. உன் எண்ணை நான்தான் தட்டினேன். தமிழும் ஆங்கிலமும் நன்றாக இருந்தன. கணக்கிலும் இயற்பியலிலும் பாஸ், அவ்வளவுதான். நீ பிளஸ் ஒன் சேர்ந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்த இன்ஜினியரிங் காலேஜ் அந்த இரண்டு வரியில் போய்விட்டது. நான் பிரிண்ட் கொடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நசீர் பாய், “பாஸ்தானேம்மா, எதுக்கு அழற?” என்றார். நீ மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டு, “உடு அக்கா. உன்னைய எழுதச் சொல்லியிருந்தா ஊருக்கே நீ ஃபர்ஸ்ட்டு வந்திருப்ப” என்றாய். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை இன்னும் உள்ளேயே கிடக்கிறது. அன்றைக்கே அந்தக் குழுவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் விலகினேன். “தம்பி, மார்க் எவ்வளவு?” என்று பலாப்பழம் கேட்டிருந்ததற்குப் பதில் போடவில்லை.

இப்போது நீ கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகிறது, முதல் வருடம் படித்தவர்களோடு நீ சேர்ந்து ஓட வேண்டும். உன் கையில் உனக்கென்று போன் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. அப்படியிருந்தும் கணக்குக்கு நீ என்னைத்தான் கேட்கிறாய். உன்னை அப்படிப் பழக்கியது நான். நேற்று உன் கணக்கைப் பார்த்ததும் அந்தப் பழைய பசி எனக்கு வந்தது. அதே மாதிரிக் கணக்குதான், எண்கள் வேறு, வண்டி திரும்புகிற இடம் வேறு. போட்டு முடித்து, படம் எடுத்து, அனுப்புகிற பொத்தான் மேல் விரலை வைத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. விரலை எடுத்துவிட்டு, அந்தக் குழுவில் மறுபடி சேர்ந்தேன், என் பெயரில். நடந்ததையெல்லாம் பலாப்பழத்துக்கு எழுதினேன். பிறகு, “அப்போ அந்தப் பன்னிரண்டைக் கண்டுபிடிச்சது நீங்களா?” என்று வந்தது. ஆமாம் என்றேன். “உங்க தம்பி எதுவரைக்கும் போட்டாருன்னு நான் இத்தனை நாள் கேட்டது அவருக்குப் போய்ச் சேரவே இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் அனுப்பினேன். “சரி, நீங்க ஏன் பரீட்சை எழுதக் கூடாது?” என்றும் கேட்டாள். தனித்தேர்வு எழுதுகிற எத்தனையோ பேருக்குக் கடையில் நானே பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். அது என் பாடு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பாடு வேறு.

உனக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். வகுப்பில் புரியவில்லை என்றால் எழுந்து நின்று புரியவில்லை என்று சொல். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பிறகு பலகையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பயந்து நான் ஒரு பள்ளிக்கூடத்தையே விட்டேன். யாரிடமாவது உதவி கேட்டால், விடையைக் கேட்காதே. நீ நின்ற இடத்தைக் காட்டு. யாராவது உன் நோட்டில் ரப்பரை வைக்க வந்தால், அது நானாக இருந்தாலும், கையைப் பிடித்துக்கொள். என்னை நம்பிச் சீட்டை நீட்டிய உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தர முடியாது. மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன். உன் சாரிடமும் ஒரு நாள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்த நான்காவது பெயரை அடிக்க வைத்தது நான்தான் என்று.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார். நேற்று அனுப்பிய கணக்கை முதல் வரியிலிருந்து நீயே ஆரம்பி. எங்கே நின்றதோ அங்கேயே விட்டுவிட்டு, அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்பு. அடித்தல் இருந்தால் அடித்தலோடு, ஒரே வரியாக இருந்தால் ஒரே வரி. எதையும் அழிக்காதே. நாளை முழுக்கக் கடையில்தான் இருப்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். அசைன்மென்ட் வைக்கிற நேரத்துக்குள் முடியாமல் போகலாம். போகட்டும். பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு.

உன் அக்கா